துணியை அரிக்கும் கறுப்பு: காளத்திக் கலம்காரி

மூங்கில் கோலால் துணியில் கையாலே எழுதும் ஓவியம்தான் கலம்காரி. ஆந்திராவின் திருக்காளத்திப் (ஸ்ரீகாளஹஸ்தி) பட்டறைகளில் கறுப்புக் கோட்டுக்கென்று பானையில் இருப்பது பழுப்புத் தண்ணீர்தான். துணியில் பட்ட பிறகே அது கறுக்கிறது. காரணம், துணி முன்பே பாலும் கடுக்காயும் குடித்திருப்பது.

முதலில் கோராத் துணியின், அதாவது வெளுக்காத பருத்தித் துணியின், கஞ்சி முழுக்கப் போக வேண்டும். மிஞ்சினால் கடுக்காய் திட்டுத் திட்டாக ஏறும். கொட்டை நீக்கி இடித்த கடுக்காயை எருமைப்பாலில் கலந்து, துணியை நனைத்து, சீராகப் பிழிந்து, உடனே வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் இழையில் ஒட்டிக்கொள்ளும். பாலின் வேலை வேறு: அதன் கொழுப்பு, மை இழை வழியாக ஓடாமல் தடுக்கிறது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவில்தான் இருக்கும், எருமைப்பாலில் 7 சதவீதத்தை ஒட்டி வரும். நீர் கலந்த பாலை ஊற்றினால் கோடு கசிந்து மயிர்க்கால் விடும்.

மைக்கு வேண்டியவை வெல்லம், பனைவெல்லம், துருப்பிடித்த இரும்பு, தண்ணீர். அளவு பட்டறைக்குப் பட்டறை மாறும். இரண்டு மூன்று வாரம் ஊறும்போது சர்க்கரை நொதித்துச் சாராயமாகி, பிறகு அசெட்டிக் அமிலமாகிறது. அந்த அமிலம் இரும்பைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு துணியிலுள்ள டானினோடு சேர்ந்து, காற்றின் ஆக்சிஜன் பட்டதும் கறுக்கிறது. அவசரப்பட்டு முன்கூட்டியே வடித்தால் கிடைப்பது வெறும் சாம்பல் நிறம்.

எழுதுகோல் மூங்கில் குச்சி. கூர்முனைக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் இறுக்கியிருப்பார்கள். மை அதில் தங்கும். விரல் கொடுக்கும் அழுத்தமே கோட்டின் கனம்.

சிவப்புக்கு முறை வேறு. சிவக்க வேண்டிய இடங்களில் படிகார நீரை எழுதி, நன்றாக உலரவிட்டு, ஓடும் நீரில் அலசி, சாயவேர் அல்லது மஞ்சிட்டிச் சாறில் துணியைக் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரத்தின் அலுமினியம் இருக்கும் இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். மற்ற இடங்களில் ஏறிய மங்கல் நிறத்தைச் சாணத்தில் ஊறவைத்தும், ஈரத்தோடு வெயிலில் விரித்தும் வெளுக்கிறார்கள். மஞ்சள் தீட்டும் முன் மறுபடி ஒரு பால் முக்கு, ஏனென்றால் முதல் பால் கொதியிலேயே போய்விட்டது. நீலத்துக்கு அவுரி.

அலசும் நீர் ஏன் ஓட வேண்டும்? தேங்கிய நீரில் கழன்ற படிகாரம் எழுதாத இடத்தில் போய் உட்காரும். பிறகு அங்கும் சிவப்பு பிடிக்கும், அழிக்க முடியாது. ஊரை ஒட்டி ஓடும் பொன்முகலி ஆறு வறண்டால் இந்தக் கலை தடுமாறுவது இதனால்தான்.

இனி, பாதுகாப்பு என்ற பேச்சு வரும்போது பலர் கவனிக்காத ஒன்று. அழகான அந்தக் கறுப்பே துணிக்கு எமன். மையில் தங்கும் அமிலமும் இரும்பும் பருத்தியின் செல்லுலோஸை ஆண்டுக்கணக்கில் சிதைக்கின்றன. நூற்றாண்டு கண்ட பழைய துணிகளில் சிவப்பு துலங்கி நிற்க, கறுப்புக் கோடுகள் மட்டும் இற்று உதிர்ந்திருப்பதைக் காணலாம். ஈரமும் வெளிச்சமும் குறைத்தால் சிதைவு மெதுவாகும், நிற்காது. அருங்காட்சியகப் பெட்டியால் இந்தக் கலையைக் காப்பாற்ற முடியாது. எழுதத் தெரிந்த கை தொடர வேண்டும். பொருளை மட்டும் பாராமல் பயிற்சியையும் அறிவையும் திறனையும் மரபாகக் கொண்ட யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கை இதைச் சரியாகப் பிடித்தது. இந்தியா 2005இல் அதில் இணைந்தது. காளத்தியில் அதற்கு வெகு முன்பே, 1950களில், கைவினைக் கலைகளுக்கு மறுவாழ்வு தரப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில் பயிற்சி மையம் வந்துவிட்டது.

இன்று கலம்காரி என்ற பெயரில் விற்கும் அச்சுத் துணிகள் ஏராளம். உண்மையான இரும்புக் கறுப்பின் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் நிறம் வெளிறும், சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிரித்து இழுத்துவிடுவதால். வாங்கிய துணியில் இந்தச் சோதனை வேண்டாம், வெட்டுத்துண்டில் போதும். புளித்தண்ணீரும் அதில் சிந்தக் கூடாது.

கற்பிப்பதில் கடினம் ஓவியம் மட்டுமல்ல, ஊறலின் பக்குவமும்தான். கோடையில் பானை விரைவாக நொதிக்கும், மார்கழிக் குளிரில் மந்தமாகும். நுரை, வாடை, ஓரத்துணியில் இழுத்துப் பார்க்கும் ஒரு கோடு, இவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். சில வார வகுப்பில் இது வராது. உதவித்தொகை தருகிறவர்கள், கற்பவர் கோடைப் பானை ஒன்றும் குளிர்காலப் பானை ஒன்றும் தாமே ஊறவைத்து எழுதிப் பார்க்கும்படி ஓராண்டாவது தர வேண்டும்.