பத்து உலகம் உருட்டிப் பார்த்தால் போதாது

பகலில் மென்பொருள் சோதனை என் வேலை. வார இறுதியில் நண்பர்களுக்கு நடுவராக இருந்து டிராவலர் ஆட்டம் நடத்துகிறேன்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாத்திரங்களாக நடித்து ஆடும் விண்வெளிக் கதையாட்டம் அது. சொந்தமாக விதி எழுதுகிறவர்கள் பகடை உருட்டிக் கற்பனை உலகங்களை உருவாக்கும் அட்டவணைகளை அனுப்பினால் சோதித்துத் தருவதும் உண்டு. அனுப்பும்போது ஏறக்குறைய எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பத்து உலகம் உருட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் வருது." அதைக் கேட்டாலே எனக்குக் கவலை வந்துவிடும்.

டிராவலரையே எடுத்துக்கொள்வோம். 1977-ல் வந்த ஆட்டம். அதன் பழைய விதிகளில் உலகத்தின் பருமனுக்கு இரண்டு பகடை உருட்டி 2-ஐக் கழிக்க வேண்டும். வளிமண்டலத்துக்கு இரண்டு பகடை உருட்டி, 7-ஐக் கழித்து, பருமனைக் கூட்ட வேண்டும். பருமன் 0 என்றால் வளியும் 0. மக்கள்தொகைக்கு மறுபடி இரண்டு பகடை, கழித்தல் 2. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மக்கள்தொகையை உருட்டும்போது அங்கே காற்று இருக்கிறதா என்று அந்த விதி கேட்பதே இல்லை.

எனவே உருட்டுவதை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். பருமனுக்கு 36 வழி, வளிக்கு 36 வழி, மொத்தம் 1296. எக்செல்லில் போட்டால் அரை மணி நேர வேலை. காற்றே இல்லாத, அல்லது பெயருக்குக் கொஞ்சம் காற்று இருக்கிற உலகங்கள், அதாவது வளி எண் 0 அல்லது 1, 216 வந்தன. சரியாக ஆறில் ஒன்று. மக்கள்தொகை எண் 9 அல்லது 10, அதாவது நூறு கோடியும் அதற்கு மேலும், வருவது 12-ல் ஒன்று. இரண்டும் சேர்ந்து வருவது 72-ல் ஒன்று. விண்வெளியின் ஒரு துண்டைக் காட்டும் துணைப்பகுதி வரைபடத்தில் 80 அறுகோணக் கட்டங்கள், சராசரியாக 40 உலகங்கள். இரண்டு வரைபடம் வரைந்தால் நூறு கோடிப் பேர் வாழும் காற்றில்லா உலகம் ஒன்றை எதிர்பார்க்கலாம். பத்தே உலகம் உருட்டிப் பார்ப்பவர் கண்ணில் அது படாமலே போக 87 சதவீதம் வாய்ப்பு உண்டு.

அப்படி ஓர் உலகம் வருவதே பிழை என்று நான் சொல்லவில்லை. தொழில்நுட்பம் உயர்ந்திருந்தால் நிலத்தடி நகரங்கள், காற்றுக்கு வரி என்று அருமையான கதை கிடைக்கும். எங்கள் மேசையில் ஒருமுறை வந்தது வேறு ரகம். பருமன் 5, வளி 1, மக்கள்தொகை 6, தொழில்நுட்பம் 2. பல பத்து லட்சம் பேர், நீராவி எந்திரம்கூட இல்லாத காலம், மூச்சுவிடக் காற்று இல்லை. விண்துறைமுகம் என்ற பெயரில் ஒரு பாறைத்தளம். "அண்ணா, இவங்க எப்படி மூச்சு விடறாங்க?" என்று கேட்டான் எங்களில் இளையவன். இருபது நிமிடம் ஆளாளுக்கு யோசித்தோம், பதில் இல்லை. அன்றிலிருந்து என் அளவுகோல் இதுதான்: விதியை எழுதாத ஒருவர் பத்து நிமிடத்தில் காரணம் சொல்ல முடிந்தால் அது விசித்திரம், முடியாவிட்டால் பக், அதாவது விதியில் பிழை. பிற்பாடு மங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட டிராவலர் பதிப்பில் காற்றில்லா உலகத்துக்குக் குறைந்தபட்சத் தொழில்நுட்பம் 8 என்று வைத்தார்கள். நல்ல முடிவு.

சரி, திருத்தலாம் என்று இறங்கினால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. காற்றில்லா உலகத்துக்கு மக்கள்தொகையில் 2-ஐக் குறைப்போம் என்று ஒருவர் விதி எழுதினார். இரண்டு பகடையில் உச்சம் 12. அதில் மொத்தம் 4 போனால் மிச்சம் 8. நூறு கோடி என்பது அங்கே இனி வரவே வராது. நிலத்தடி நகரங்களும் சேர்ந்தே போய்விட்டன. அவருக்குத் தேவைப்பட்டது அது அரிதாக வருவது மட்டுமே. 1-ஐக் குறைத்தால் போதும், 216-ல் ஒன்று வரும். ஒரு விதியைத் தொட்டால் முதலிலிருந்து எண்ணுங்கள், தயவுசெய்து.

அப்புறம், கணினியில் எழுதுபவர்களுக்கு ஒன்று. நான் அதிகம் பார்த்த பிழை இது: இரண்டு பகடைக்குப் பதிலாக 2 முதல் 12 வரை ஏதோ ஓர் எண்ணை ரேண்டமாக எடுப்பது. பகடையில் 7 வருவது ஆறில் ஒன்று, 12 வருவது 36-ல் ஒன்று. நிரலிலோ எல்லாமே 11-ல் ஒன்று. நூறு கோடிப் பேர் வாழும் உலகங்கள் ஒரு வரைபடத்துக்குச் சராசரியாக மூன்று வர வேண்டிய இடத்தில் ஏழு வந்து நிற்கும். எந்த எண்ணும் எல்லையைத் தாண்டியிருக்காது. ஒவ்வோர் உலகமும் தனியாகப் பார்த்தால் சரியாகவே தெரியும். ஆயிரம் உலகங்களை உருவாக்கி, மக்கள்தொகை எண்களைப் பட்டை வரைபடமாகப் போட்டால் கண்டுபிடித்துவிடலாம். நடுவில் மேடு இருக்க வேண்டும். எல்லாப் பட்டையும் ஒரே உயரத்தில் நின்றால் பகடை உருட்டும் அந்த ஒற்றை வரியைத் திறந்து பாருங்கள்.