மூக்கில் வெளுத்த சாயம்

கொழும்பு செட்டியார் தெருவில், நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சிறு பட்டறை. பத்தர் ஐயா பழைய வெள்ளிக் கொலுசொன்றைச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சினார். ஆறியதும் அது கரிக்கட்டை மாதிரிக் கறுத்துக் கிடந்தது. புளிக்கரைசலில் போட்டுக் கொதிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் பால் வெள்ளையாக வெளியே வந்தது.

"கறுப்பெல்லாம் செம்பு, தம்பி. புளி அதைத் தின்னும், வெள்ளியைத் தொடாது."

இந்த வித்தையில் ஒரு நாட்டின் நாணயமே ஓடியிருக்கிறது. 1544இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி பிரான்சோடும் ஸ்கொட்லாந்தோடும் ஒருசேரப் போரில் இருந்தான். கஜானா வற்றியதும் காசிலே கை வைத்தான். 92.5 சதவீத வெள்ளியாக இருந்து வந்த நாணயம் அந்த ஆண்டில் 75, மறு ஆண்டில் 50, 1546இல் 33 சதவீதம் என்று இறங்கியது. காசின் பெயரும் மதிப்பும் மட்டும் அப்படியே. கூலி வாங்கியவன் கையில் மூன்றில் இரண்டு பங்கு செம்பு.

அவ்வளவு செம்பு சேர்ந்தால் காசு சிவந்து காட்டிக்கொடுக்க வேண்டுமே? புதுக்காசு காட்டிக்கொடுக்கவில்லை. காரணம் உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. உருகி நிற்கும்போது வெள்ளியும் செம்பும் நன்றாகக் கலந்திருக்கும். இறுகும்போது பிரிந்துவிடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வெள்ளி மிகுந்த மணிகளும் செம்பு மிகுந்த மணிகளும் தனித்தனியாக, அடுத்தடுத்துக் கிடக்கும். காசு அடிப்பதற்காக வெட்டிய தகட்டைக் காற்றில் பழுக்கக் காய்ச்சினால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஒட்சிசனோடு சேர்ந்து கறுப்பாகும். வெள்ளி அந்தச் சூட்டில் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்காது, வெள்ளியாகவே நிற்கும். பிறகு அமிலத்தில் இட்டால் கறுப்பு கரைந்து போகும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த, மங்கலான ஒரு வெள்ளித் தோல். அச்சு அதன்மேல் விழுந்ததும் துளைகள் நசுங்கி மூடிக்கொள்ள, காசு பளபளக்கும். மேலே எதையும் பூசவில்லை, உள்ளே இருந்த செம்பைத்தான் உரித்தெடுத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தட்டார்கள் இதற்கு உப்போடு சேர்த்துப் பயன்படுத்தியது வைன் பீப்பாயின் அடியில் படியும் கசடு. அதில் இருப்பதும் நம் புளியில் இருப்பதும் ஒரே தார்த்தாரிக் அமிலம்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஆனால் தோல் தேயும். ஹென்றியின் முகம் காசில் நேரே நம்மைப் பார்த்தபடி இருந்தது. அதில் மிக மேடான இடம் மூக்கு. சந்தையில் கை மாறி மாறி அங்கேதான் முதலில் வெள்ளி தேய்ந்து சிவப்பு தெரிந்தது. 'பழைய செம்பு மூக்கன்' என்று குடிமக்கள் அரசனுக்கே பட்டம் வைத்துவிட்டார்கள். நல்ல வெள்ளியில் காசை மறுபடி அடித்து முடிக்க அவன் மகள் முதலாம் எலிசபெத்தின் காலம், 1560–61, ஆகவேண்டியிருந்தது.

இந்தத் தோல் இன்றைய கருவிகளையும் ஏமாற்றும். எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தை அளக்கும் கருவி மேற்பரப்பின் மெல்லிய படையை மட்டுமே வாசிக்கும். பழங்காசில் அது உள்ளதைவிடக் கூடுதலாக வெள்ளி காட்டக்கூடும். காசு முழுவதையும் ஒரேயடியாகச் சோதிக்கத் தண்ணீர் போதும். ஒரு கன சென்ரிமீற்றர் வெள்ளி 10.49 கிராம், செம்பு 8.96 கிராம். ஒரே நிறையுள்ள இரண்டு காசில் செம்பு கூடியது பருமனில் பெரிது. அதனால் தண்ணீருக்குள் அதன் நிறை கூடுதலாகக் குறையும்.

அம்மம்மாவின் பெட்டியில் இருந்த இரண்டு இலங்கை 50 சதக் காசுகளைப் பத்தர் ஐயாவிடம் கொடுத்தேன். ஒன்று 1917, மற்றது 1919. இரண்டிலும் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், இரண்டும் கண்ணுக்கு வெள்ளி. முதலாம் உலகப் போரை ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது, 80 சதவீதமாக இருந்த வெள்ளியை 1919இல் 55 ஆகக் குறைத்தார்கள். நிறை மட்டும் மாறவில்லை, 5.83 கிராம். தேயாத காசென்றால் தண்ணீருக்குள் முதலாவது சுமார் 5.26, இரண்டாவது 5.23 கிராம் நிற்க வேண்டும். பொன் நிறுக்கும் தராசுக்கு அந்த வித்தியாசம் பெரிது. ஐயா பழையதை நூலில் கட்டி, தராசில் தொங்கவிட்டுக் கிளாஸ் தண்ணீருக்குள் இறக்கினார். எண் ஆடி நின்றது. அடுத்ததையும் கட்டி இறக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தவர், 1919ஐ எடுத்துத் துடைத்து என் கையில் தனியாக வைத்தார்.