போட்டோவும் கையெழுத்தும் ஏன் ஏற மறுக்கின்றன?

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் மளமளவென்று அடித்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது போட்டோ, கையெழுத்து, இடது கட்டைவிரல் ரேகை, கையால் எழுதிய உறுதிமொழி ஆகியவற்றை அப்லோடு செய்யும் பக்கத்தில்தான். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் நிறுவனத்தின் அறிவிப்புகளில் போட்டோவுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்துக்கு 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. ரேகைக்கு 240 × 240 பிக்சல், 20 முதல் 50 கேபி. உறுதிமொழிக்கு 800 × 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிக்சல் என்பது படத்தின் நீள அகலம். கேபி என்பது கோப்பு பிடிக்கும் இடம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல். மொபைலில் எடுத்த படம் 3000 × 4000 பிக்சல், இரண்டு மூன்று எம்பி இருக்கும். நீள அகலத்தைத் தொடாமல் தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குள் அமுக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். முதலில் பிக்சலைக் குறையுங்கள். கேபி தானாக இறங்கும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. பாஸ்போர்ட் அளவுப் படம் 3.5 × 4.5 செ.மீ. அதன் அகலத்தை 200 பிக்சலாக்கினால் உயரம் 257 வரும், கேட்பதோ 230. விண்டோஸோடு வரும் பெயின்ட் மென்பொருளில் ரீசைஸ் பெட்டியைத் திறந்து, விகிதத்தைக் காக்கும் டிக்கை எடுத்துவிட்டு 200, 230 என்று அடித்தால் முகம் பக்கவாட்டில் பருத்துவிடும். டிக்கை விட்டுவைத்து அகலத்தை 200 ஆக்குங்கள். மிஞ்சும் 27 பிக்சலை மேலும் கீழும் வெட்டுங்கள். தலைமுடியும் தாடையும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும்.

இனி எதிர்ப்பக்கத் தொல்லை. 50 கேபிக்கு மேல் போகக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். 20க்குக் கீழேயும் போகக்கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளைப் பின்னணி கொண்ட சின்னப் படம் 12 கேபியில் வந்து நிற்கும். பெயின்ட்டில் தரத்தை மாற்ற வழியில்லை. கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் ஜேபிஜியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது தரத்தை ஏற்றி இறக்கலாம். அளவைச் சரிபார்க்கும்போது விண்டோஸ் ப்ராபர்ட்டீஸில் ‘சைஸ்’ வரியைப் பாருங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

ஐபோன் படம் பெரும்பாலும் ஹெச்ஈஐசி வகையில் இருக்கும். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் பெயர்தான் மாறும், உள்ளிருப்பது மாறாது. நல்ல தளம் கோப்பின் உள்ளே பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். படத்தைத் திறந்து, ‘சேவ் அஸ்’ கொடுத்து ஜேபிஜியாகச் சேமிப்பதே சரி. மொபைலிலிருந்து கணினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கிவிடும்.

கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போடுங்கள்; ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்டால் ஏற்கமாட்டார்கள். ஸ்கேன் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். ஏ4 தாளை 600 டிபிஐயில் எடுத்தால் பிக்சல் ஒன்பது மடங்காகும், வேறு லாபம் ஒன்றுமில்லை. ஸ்கேன் ஆனதும் முழுத் தாளை அப்படியே சுருக்காமல், கையெழுத்தைச் சுற்றி ஒட்ட வெட்டிவிட்டுச் சுருக்குங்கள். இல்லையென்றால் 140 பிக்சலுக்குள் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும்.

கேபி குறைக்க இலவச இணையதளங்களைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. கடற்கரையில் எடுத்த படம் என்றால் சரி, போகட்டும். ஆதார், மதிப்பெண் பட்டியல், கையெழுத்து, விரல் ரேகை ஆகியவற்றை முகம் தெரியாத ஒரு சர்வரில் கொண்டுபோய்க் கொடுப்பது எதற்கு? ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருப்பார்கள். அதைச் சோதிக்க நம்மிடம் வழியில்லை. பிடிஎஃப் பெரிதாக இருந்தாலும் இணைய உதவி தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருளில் திறந்து பிடிஎஃபாக எக்ஸ்போர்ட் செய்யும்போது படத் தரத்தையும் டிபிஐயையும் குறைக்கும் பெட்டி வரும். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே முடிந்துவிடும்.

கோப்புப் பெயரைப் புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் சுருக்கமாக வையுங்கள். ஏற்றியதும் முன்னோட்டத்தை நின்று பாருங்கள். போட்டோ இடத்தில் கையெழுத்தும் கையெழுத்து இடத்தில் போட்டோவும் போனால் தேர்வு எழுத விடமாட்டோம் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. படம் ஏறிவிட்டதென்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். கடைசி சப்மிட்டும் கட்டணமும் முடியும்வரை விண்ணப்பம் முடியவில்லை.

பிரவுசிங் சென்டர் கணினி என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பார்த்த பக்கங்களைச் சேமித்து வைக்காத இன்காக்னிட்டோ சன்னலை மூடினால் பிரவுசர் வரலாறு போகும். இறக்கிய கோப்புகள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். அவற்றைத் தேர்ந்து ஷிப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்; டெலீட் மட்டும் என்றால் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். ஸ்கேன் செய்த ஃபோல்டர், டெஸ்க்டாப் இரண்டையும் பாருங்கள். பிறகு உங்கள் மொபைலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் அந்தக் கணினியை லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.