அப்படியே வரைவது என்றால் எப்படியே?

ஆயில் பெயின்டிங்கில் முகம் வரையக் கற்க வருகிறவர்கள் பலர், டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ படத்தைக் கைப்பேசியில் காட்டி, “இதை அப்படியே வரையணும்” என்பார்கள். நல்ல தேர்வுதான். 1665 வாக்கில் வரைந்தது, 44.5 × 39 செ.மீ.தான், ஒரே முகம். ஆனால் ‘அப்படியே’ என்பதில்தான் வம்பு.

அந்தக் கறுப்புப் பின்னணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மொரிட்ஸ்ஹூயிஸ் அருங்காட்சியகத்தில் படத்தை ஆராய்ந்தபோது, அங்கே ஒரு பச்சைத் திரைச்சீலை இருந்தது தெரியவந்தது. அந்தப் பச்சைக்காகக் கலந்த அவுரி நீலமும் தாவர மஞ்சளும் காலப்போக்கில் வெளிறிப்போக, மிச்சம் இருப்பதுதான் நாம் பார்க்கும் இருட்டு. இமைமுடிகூட வெர்மீர் வரைந்திருக்கிறார், இன்று வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்குமேல் கைப்பேசித் திரை தன் பங்குக்கு நிறத்தை மாற்றிக் காட்டும்.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு, வரைந்த வரிசையைப் பாருங்கள் என்பேன். அவர் முதலில் பழுப்பிலும் கறுப்பிலும் ஒளி, நிழலைப் பிரித்துக்கொண்டார். நீங்களும் முதல் சில நாள் பழுப்பு ஒன்றையே தொடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்: மூக்குத் தண்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது. கோடு போட்டுவிடும் மாணவரின் படத்தில் மூக்கு ஒட்டவைத்ததுபோல் நிற்கும். முத்தும் அப்படித்தான்: மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே காலரின் மங்கலான பிரதிபலிப்பு. கொக்கிகூட இல்லை. அதைத் தேடித் தேடி வரைந்து வைத்தவர்களும் உண்டு!

அடுத்த அடுக்கு போடுமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆயில் பெயின்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக இறுகும். அதை அடியில் வைத்து, எண்ணெய் குறைந்ததை மேலே பூசினால், மேலடுக்கு முந்திக் காய்ந்து வெடிக்கும். என் ஆரம்பகாலப் படமொன்றில் நெற்றி முழுக்க இப்படித்தான் விரிசல் விட்டது.

அப்படி இறுகும்போது வெப்பமும் வெளிப்படும். கேன்வாஸில் அது பரவிப் போய்விடும். பிரஷ் துடைத்துக் கசக்கி எறிந்த துணிக்குள் போக வழியின்றித் தங்கும். தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். ஒருமுறை கூடையில் கிடந்த துணி உருண்டையைத் தொட்டபோது சூடாக இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. துணியைத் தனித்தனியாக வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லையேல் தண்ணீர் ஊற்றி மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். பெயின்டை இளக்கும் டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

பழைய முறையிலேயே வரைகிறேன் என்று ஈய வெள்ளையைத் தேடிப் போகாதீர்கள். வெர்மீர் அதைத்தான் பயன்படுத்தினார், ஆனால் அது நஞ்சு. டைட்டானியம் வெள்ளை போதும்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகலெடுக்க அனுமதி பெறுகிறவர்கள் மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது. நீங்களும் கேன்வாஸைக் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ எடுங்கள். மூலப்படத்தின் இடது மேல்மூலையில் வெர்மீரின் கையெழுத்து மங்கலாக இருக்கிறது. அதை மட்டும் வரையாதீர்கள். பின்பக்கம் ‘வெர்மீரைப் பார்த்து’ என்று உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.