வெங்காயத்துக்குச் சுவர் உண்டு, கறிக்கு இல்லை

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படியில் கறிக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் வதக்கும்போதெல்லாம் அப்பத்தா சொல்வது ஒன்றுதான்: "உப்பை இப்பவே போட்டுரு ஆத்தா, தண்ணி விட்டு வெரசா வதங்கும்." ஏன் தண்ணீர் விடுகிறது என்று கேட்டால், "உப்புப் போட்டா விடும்ல" என்பார். அவ்வளவுதான் பதில். எனக்கு அது போதவில்லை.

வெங்காய இதழின் உட்பக்கம் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், ஆத்தங்குடிக் கல்லைக் கொஞ்சம் நீளமாக இழுத்துப் பதித்த தரை போலத் தெரியும். ஒவ்வொரு கல்லும் ஒரு செல், அதற்குள் புள்ளியாக உட்கரு. உங்கள் கன்னத்தின் உட்பக்கத்தை ஒரு குச்சியால் லேசாகச் சுரண்டி அதே போலப் பாருங்கள், அங்கேயும் உட்கரு இருக்கும், ஆனால் உருவம் கோணல்மாணலாக, ஓரம் மடிந்து கிடக்கும். வித்தியாசம் சுவரில். தாவர செல்லுக்கு மெல்லிய சவ்வுக்கு வெளியே செல்லுலோஸால் ஆன கெட்டியான சுவர் ஒன்று உண்டு, நம் செல்லுக்கு வெறும் சவ்வு மட்டும்தான்.

செல்லுக்குச் சக்தி எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. வெயிலில் சர்க்கரை தயாரிக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகம் இருப்பதால் தாவரத்துக்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது தப்பு, பகலில் தயாரித்த சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்க அதற்கும் அது வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் வெங்காயத்தில் பசுங்கணிகத்தைத் தேடாதீர்கள், இருக்காது.

சரி, உப்புக்கு வருவோம். வளர்ந்த தாவர செல்லில் பெரும்பகுதி இடத்தை நுண்குமிழ் என்ற ஒரே ஒரு தண்ணீர்ப் பை அடைத்துக்கொள்ளும். அந்தப் பை உள்ளிருந்து சுவரை முட்டித் தள்ளுகிற அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு. நறுக்கும்போது வெங்காயம் 'நறுக்' என்பது அதனால்தான். வெளியே உப்பு விழுந்ததும், உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குச் சவ்வு வழியே தண்ணீர் போகும் சவ்வூடு பரவலில் தண்ணீர் வெளியேறுகிறது, பை சுருங்குகிறது, சவ்வு சுவரை விட்டு விலகுகிறது, விறைப்பு போய்விடுகிறது. அப்புறம் சூட்டில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினும் கரைய, வெங்காயம் குழைந்துவிடும். அப்பத்தா சொன்னது சரிதான்.

கண்ணீர் வருவதும் இதே பையால்தான். ஒரு நொதி (வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்) பைக்குள், அது வேலை செய்ய வேண்டிய கந்தகச் சேர்மம் பைக்கு வெளியே. கத்தி பட்டதும் இரண்டும் கலந்து, இன்னொரு நொதியும் சேர்ந்து, கண்ணைக் கரிக்கும் வாயுவாகிறது. அந்த இரண்டாவது நொதியை ஜப்பானியர்கள் கண்டுபிடித்துச் சொன்னதே 2002இல்தான்!

கறி அப்படியில்லை, அதன் செல்லுக்குச் சுவரே கிடையாது. வாடிய கொத்தமல்லித் தண்டைத் தண்ணீரில் வைத்தால் நிமிர்ந்துவிடும், தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் சுவர் தாங்கிக்கொள்ளும். நம் ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் விட்டால் ஊதி வெடித்துவிடும். ஆனால் சுவர் இல்லாததில் ஒரு லாபம் உண்டு, நெளியலாம், சுருங்கி விரியலாம். ஆட்டுக்கறியில் நாம் பிய்க்கும் ஒவ்வொரு நாரும் முடி போன்ற பல இழைகளின் கட்டு, அதில் ஒவ்வொரு இழையும் பல உட்கருக்கள் கொண்ட ஒரே செல். சுவருக்குள் அடைத்து வைத்திருந்தால் ஆடு எப்படி ஓடும்?

சுவர் கட்டிக்கொண்ட தாவரத்துக்கு ஓட்டம் இல்லை, ஆனால் செத்த பிறகும் நிற்கிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தது உயிரில்லாத வெற்றுச் சுவர்களுக்குத்தான். எங்கள் வளவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களும் அதுவே: உள்ளே இருந்த செல்கள் மரத்திலேயே செத்துவிட்டன, லிக்னின் என்ற கெட்டிப் பொருள் ஏறி இறுகிய சுவர்கள்தான் பாரம் தாங்குகின்றன. பழைய தேக்குக் கட்டையின் வெட்டு முனையைப் பாருங்கள், ஊசியால் குத்தியது மாதிரி ஓட்டைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். பர்மாக் காட்டில் நின்றபோது அந்த மரத்துக்குத் தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை.