சவ்வரிசி: ஒரு பெயர், இரண்டு தாவரங்கள்

பாயசத்துக்கும் வடகத்துக்கும் நாம் வாங்கும் சவ்வரிசிக்கும் நெல்லுக்கும் உறவில்லை. மரவள்ளிக் கிழங்கின் மாவை மணியாக உருட்டி, வறுத்துக் காயவைத்தால் கிடைப்பது அது. ஆனால் இந்தப் பெயர் தமிழில் புழங்கத் தொடங்கியபோது அது மரவள்ளியையும் குறிக்கவில்லை. வேறொரு மரத்தின் மாவுக்கு வைத்த பெயர், பிறகு இந்தக் கிழங்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

'ஜாவா அரிசி' என்பதே மருவிச் சவ்வரிசி ஆயிற்று. கிரந்த எழுத்தோடு ஜவ்வரிசி என்றும் எழுதுகிறோம். கிழக்குத் தீவுகளின் பக்கமிருந்து கப்பலில் வந்த வெள்ளை மணிக்கு, வந்த திசையையே நம்மவர்கள் பெயராக்கினார்கள். அங்கே அதைத் தந்தது ஒரு பனை. மலாய் மொழியில் அதற்குச் 'சாகு' என்று பெயர். நியூகினி, மொலுக்கா தீவுகளின் சதுப்பு நிலங்களில் வளரும் இந்த மரத்தைப் பூப்பதற்குச் சற்று முன்னால் வெட்டுவார்கள். அப்போதுதான் தண்டில் மாவு நிறைந்திருக்கும். தண்டைப் பிளந்து உள்ளே இருக்கும் சோற்றைச் சீவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து வடித்தால் மாவு அடியில் படியும். மரத்தின் உட்பகுதியைச் சோறு என்பது நமக்கும் பழக்கம்தான், பனஞ்சோறு என்கிறோமே.

அந்தச் 'சாகு'தான் ஆங்கிலத்தில் சேகோ ஆனது. தெலுங்கின் சக்குபிய்யத்திலும் அது இருக்கிறது. தெலுங்கர்கள் பொருளின் பெயரோடு அரிசியைச் சேர்த்தார்கள். நாமோ ஊரின் பெயரோடு சேர்த்தோம். எனக்கு நம்முடையதே பிடிக்கிறது, ஒரு கடல்வழி வணிகத்தின் தடம் அதில் பதிந்திருப்பதால்.

மரவள்ளியின் பிறப்பிடம் பூமியின் மறுபக்கம். அமேசான் காட்டின் தென்மேற்கு ஓரத்தில், இன்றைய பிரேசில் பகுதியில், பழங்குடி மக்கள் ஒரு காட்டுச் செடியைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கினார்கள். அங்குள்ள துப்பி மொழியில் பிறந்த சொல்தான் டேப்பியோக்கா. கிழங்கைத் துருவி, ஓலையில் முடைந்த நீண்ட பையில் திணித்து இறுக்கிப் பிழிவார்கள். சயனைடு நஞ்சைத் தரக்கூடிய சாறு அதில் வெளியேறும். அந்தச் சாற்றின் அடியில் தங்கும் வெள்ளை மாவு டேப்பியோக்கா. அந்த மொழியில் 'திப்பி' என்றால் பிழிந்ததன் வண்டல் என்று பொருள். சேலத்துச் சேகோ ஆலைகளில் மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கைக்கும் திப்பி என்றே பெயர். இது தற்செயலான ஒலி ஒற்றுமைதான். இதை வைத்து அமேசானுக்கும் தமிழுக்கும் உறவு கட்டக் கூடாது.

போர்த்துகீசியர்கள் இந்தச் செடியைக் கடல் கடத்தினார்கள். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக அதைப் பரவலாக்கினார். குமரி மாவட்டத்தில் அது மரச்சீனி, சேலம் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு, பொதுவழக்கில் மரவள்ளி. வள்ளிக்கிழங்கு நமக்குப் புதிதல்ல. பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளைபவற்றைக் கபிலர் எண்ணிச் சொல்லும்போது, கொடியில் விளையும் வள்ளிக்கிழங்கும் வருகிறது. வந்த செடியோ படராமல் நிமிர்ந்து நின்றது. எனவே மரவள்ளி. எந்த அறிஞர் குழுவும் உட்கார்ந்து ஆக்காத, குறையே இல்லாத சொல் இது.

இரண்டு தாவரங்களும் ஒரே பெயரில் சேர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போது. மலேயா ஜப்பானியர் கையில் விழுந்ததும் சேகோ வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவின் துணையோடு, மரவள்ளி மாவிலிருந்து அதே மணியைச் செய்யத் தொடங்கினார். மணி ஒன்றுபோலவே இருந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் உருவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்று அதே மாவு சாப்பாட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. நூலுக்குக் கஞ்சி போட, அட்டைப்பெட்டி ஒட்ட, காகிதத்துக்கு மெருகேற்ற, குளுக்கோஸ் எடுக்க, எரிசாராயம் வடிக்க அது பயன்படுகிறது. தைவானில் 1980-களில் தொடங்கிய குமிழ்த் தேநீரின் கறுத்த உருண்டைகளும் இந்த மாவுதான். பாலித்தீனுக்கு மாற்றாக மரவள்ளி மாவில் பைகளும் செய்கிறார்கள். இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறும் மாவுப் பை ஈரம் தாங்காது. வலுவுக்காக வேறு பலபடிச் சேர்மங்களை (பாலிமர்களை) கலப்பது வழக்கம். பையின் மேல் 'மரவள்ளி' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அது முழுக்கக் கிழங்கு ஆகிவிடாது.

எழுதும்போது எதற்கு எதைச் சொல்வது? டேப்பியோக்கா என்ற சொல்லைச் செடி, கிழங்கு, மாவு எல்லாவற்றுக்கும் நம் ஊர் ஆங்கிலம் கொட்டுகிறது. பிரேசிலில் அது மாவும் அந்த மாவில் சுடும் அடையும் மட்டுமே. தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. செடிக்கு மரவள்ளி, விளைவது மரவள்ளிக் கிழங்கு, வடித்தெடுப்பது மரவள்ளி மாவு, உருட்டியது சவ்வரிசி. 'மரவள்ளி மணி' என்று புதிதாக ஆக்கத் தேவையில்லை. கிழக்குத் தீவுகளின் பனையைச் 'சாகுப் பனை' என்று அதன் மலாய்ப் பெயரிலேயே எழுதலாம். நாற்றுப் பண்ணைகளில் சேகோ பனை என்று விற்கும் அழகுச்செடி அது அல்ல. அந்த அழகுச்செடி சைக்கஸ் இனம், பனையே இல்லை. அதன் விதை நஞ்சு, வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.