எந்த காந்தி நகர்?

“காந்தி நகர்ல இடுப்பளவு தண்ணி. கைக்குழந்தை இருக்கு. யாராவது உதவுங்க ப்ளீஸ்.”

ஐப்பசி, கார்த்திகையில் எக்ஸ் தளத்தைத் திறந்தால் இப்படித்தான் பதிவுகள். ஊர் இல்லை, நேரம் இல்லை, போன் எண் இல்லை. கடலூரிலா, புதுச்சேரியிலா? படகை எந்தப் பக்கம் திருப்புவது?

இதைவிட எரிச்சல் தருவது, நிறைய பேர் பகிர்ந்தால் உதவி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. முதல்வர், கலெக்டர், நாலு டிவி, ஒரு நடிகர் என எல்லோரையும் டேக் செய்துவிட்டு முகவரியை விட்டுவிடுகிறார்கள். பகிர்வு எண்ணிக்கையைப் பார்த்து யாரும் படகை அவிழ்ப்பதில்லை. உதவி கேட்கும் பதிவுகளைப் பிரித்து மீட்புக் குழுவுக்குச் சொல்பவர் தேடுவது நான்கே விஷயம்: எங்கே, எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், யாரைக் கூப்பிடுவது. இவை இல்லாத பதிவை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் முகவரி முளைக்காது. ஆளை மீட்ட பிறகும் அந்தப் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையேறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் கொட்டியது 48 செ.மீ. அப்படியொரு நாளில் படகு காலி வீட்டுக்குப் போனால், அடுத்த தெருவில் மாடியில் நிற்பவருக்குத்தான் தாமதம்.

முதலில் அவசர உதவிக்கான 112 அல்லது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077. லைன் கிடைக்காவிட்டால் பதிவு. இப்படி:

“டிச 1, காலை 6.20. புதுச்சேரி, இன்ன நகர், 3வது குறுக்கு, பிள்ளையார் கோயில் எதிர்வீடு, மாடியில் 5 பேர். பாட்டி 78, நடக்க முடியாது. தண்ணீர் இடுப்பளவு, ஏறுகிறது. போன் எண்.”

தேதியும் நேரமும் பதிவுக்குள்ளேயே இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்புக்குப் போகும்போது மேலே உள்ள நேரம் வெட்டுப்பட்டுவிடும். எக்ஸ் இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 280 எழுத்துக்கான இடம்தான். தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். “மாண்புமிகு” மட்டுமே 10 இடத்தைத் தின்றுவிடும். மரியாதையைத் தண்ணீர் வடிந்தபின் காட்டிக்கொள்ளலாம். மேப் லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23 இடம்தான். கூகுள் மேப்பில் உங்கள் கூரைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) வரும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும், சுமார் 11 மீட்டருக்குள் இடம் பிடிபடும். வீட்டுக்குள்ளிருந்து “தற்போதைய இடம்” அனுப்பினால் பக்கத்துத் தெருவைக் காட்டக்கூடும், சரிபார்த்து அனுப்புங்கள்.

தமிழ்நாடா, புதுச்சேரியா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கடலூர் சாலையில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. மின்கம்பி அறுந்து கிடந்தாலும் இதே கதைதான்: மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 தமிழ்நாட்டுக்கு மட்டும், புதுச்சேரிக்குத் தனி மின்துறை.

மீட்டுவிட்டார்களா? “மீட்கப்பட்டோம்” என்று புதிதாகப் பதிந்துவிட்டு, பழையதை நீக்குங்கள், தயவுசெய்து. போன் எண்ணை வெளியில் விட்டுவைத்தால் “நிவாரணத் தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்க” என்று ஒருவன் கூப்பிடுவான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

முகவரியையும் அந்த இரண்டு எண்களையும் இன்றே போன் நோட்ஸில் எழுதி வையுங்கள். பேட்டரி 9 சதவீதத்தில் இருக்கும்போது கதவு எண்ணைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.